கொழுத்த கரடி

மழை பெய்ய மறந்துபோன ஒரு காட்டில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு முயல்கள் இருந்தன. பிறந்ததிலிருந்து அவை வறட்சியைத்தான் பார்த்திருந்தன. அந்தக் காட்டில் யானைக்குக்கூட விலா எலும்பு தெரியும்.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து ஒரு கரடி இறங்கி வந்தது. நடக்க நடக்க அதன் வயிறு இப்படியும் அப்படியும் அசைந்தது. ரோமம் எண்ணெய் தடவியதுபோல மின்னியது.

தங்கை முயல் வாயைப் பிளந்தது. "அண்ணா, கொழுத்த கரடி!" என்று கத்தியேவிட்டது.

கரடிக்குச் சுருக்கென்றது. மற்ற விலங்குகள் அப்படிச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்ததால்தான் அது தன் காட்டையே விட்டுக் கிளம்பியிருந்தது. "என்ன சொன்னாய்?" என்று கையை ஓங்கியது.

அண்ணன் முயல் குறுக்கே பாய்ந்தது. "அடிக்காதீங்க ஐயா! எங்கள் காட்டில் அது வசவு இல்லை. குட்டி பிறந்தால், கொழுத்து வாழணும் என்றுதான் வாழ்த்துவோம். அப்படி வாழ்ந்தவர் யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறோம்."

கரடியின் கை தானாக இறங்கியது. தங்கை முயல் மெல்ல நெருங்கி அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தது.

"இவ்வளவு சாப்பாடு எங்கே இருக்கிறது ஐயா?"

கரடி, தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. அங்கே இனி கால் வைப்பதில்லை என்று அது சபதம் செய்திருந்தது. ஆனாலும் குனிந்து, "ஏறிக்கொள்ளுங்கள்" என்றது.

முயல்கள் அதன் முதுகில் ஏறிப் படுத்தன. எலும்பு குத்தாத ஓர் உடம்பின்மேல் அவை சாய்ந்தது அதுதான் முதல் தடவை. கரடி மலையேறி முடிப்பதற்குள் இரண்டும் தூங்கிப்போயின.