கிணற்றுக்குள் காற்று

"வண்டிய எடுத்தீங்கன்னா சக்கரத்துக்கு அடியில படுத்துடுவேன் பாய்!"

மலைப்பாதையின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள் சகுந்தலா. புளி மூட்டைகளோடு வேகமாக இறங்கி வந்த வேன், அவளுக்கு நாலடி தள்ளி நின்றது. டிரைவர் அமீனுல்லா குல்லா போட்ட தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"எங்க வூட்டுக்காரரு கெணத்துல கெடக்கறாரு. ஆயில் என்ஜின உள்ள எறக்கி ஓட்டினாரு. பொகை சூழ்ந்து மயங்கிட்டாரு. என் தம்பி எறங்கிப் பார்த்தான். பாதியிலயே தலை சுத்தி ஏறி வந்துட்டான்."

அமீனுல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கணம் சாலையைப் பார்த்தார். பிறகு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

அறுபதடிக் கிணறு. பாதிக்கும் கீழே, என்ஜின் வைத்திருந்த பாறைத் திட்டில் சாய்ந்து கிடந்தான் கோபால்சாமி. தலை தொங்கியிருந்தது. மேலே இருந்து பார்த்தால் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"இவருக்கு இப்ப வேண்டியது காத்து. என் வண்டியில இருக்குது" என்றார் அமீனுல்லா.

சகுந்தலாவின் தம்பி லட்சுமணன் புரியாமல் விழித்தான். அமீனுல்லா வேனைக் கிணற்றருகே கொண்டு வந்தார். அதன் புகைக்குழாய் காற்று போகும் திசையில், கிணற்றை விட்டு விலகி இருக்கும்படி திருப்பி நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து காட்டினார்.

"ஒடைச்சுப் போட்ட வெளிநாட்டுக் கார்ல இருந்த ஏ.சி. கம்ப்ரசர். குளிர வைக்கிறதெல்லாம் கழட்டிட்டேன். வெறும் காத்த இழுத்து இந்த டேங்க்ல அடைக்கும். மலையில பஞ்சரானா காத்தடிக்க ஏது கடை? அதுக்காக நானே மாட்டினது."

"டயருக்கு அடிக்கிற காத்து மனுசனுக்கு ஆவுமா பாய்?" என்றான் லட்சுமணன்.

"எண்ணெ நாத்தம் வரும். அந்தப் பொகைக்கு இது எவ்வளவோ மேல். போய் தண்ணி பாய்ச்சற டியூப் எடுத்துட்டு வா."

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்புக் குழாயை இழுத்து வந்தான் லட்சுமணன். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, டேங்கின் காற்றுக்குழாயோடு இறுக்கினார்கள். முனையில் கல்லைக் கட்டி மெதுவாக இறக்கினார்கள். அது கோபால்சாமியின் முகத்தருகே போய் ஆடி நின்றது.

வேனின் என்ஜின் உறுமியது. குழாயில் உஸ்ஸென்று சத்தம்.

பத்து நிமிடம் ஆயிற்று. கீழே அசைவில்லை. அமீனுல்லா மணியைப் பார்த்தார். என்ஜினை அணைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" பதறினாள் சகுந்தலா.

"சூடேறிப் போச்சும்மா. ஏ.சி.யில கேஸோட எண்ணெயும் சேர்ந்து சுத்தும். இப்ப அது கெடையாது. நாமதான் ஊத்தணும், ஆற விடணும். இல்லன்னா இறுகிப் போயிடும். அப்புறம் காத்தே வராது."

எண்ணெய் ஊற்றினார். காத்திருந்தார். மறுபடியும் மணியைப் பார்த்தார். மீண்டும் ஓட்டினார். மீண்டும் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் அவர் கண் கடிகாரத்துக்குப் போவதைச் சகுந்தலா கவனித்துக்கொண்டே இருந்தாள். இந்த ஆள் கிளம்பிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. போய் வேனின் முன்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"லோடு லேட்டானா மொதலாளி திட்டுவாரா? இங்க ஒரு உசுரு போய்க்கினு இருக்குது, நீங்க மணியப் பார்க்கறீங்களே! உங்க வூட்ல ஒருத்தர் போனாத்தான் உங்களுக்கெல்லாம் தெரியும்!"

அமீனுல்லா கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி என்ஜினைக் கிளப்பினார்.

நாலாவது முறை ஓடும்போது லட்சுமணன் கத்தினான். "காலு அசையுது! அக்கா, மாமா காலு அசையுது!"

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் இறங்கினான். குழாயின் முனையைத் தன் மூக்கருகே பிடித்துக்கொள்வதும், மாமன் மூக்கருகே வைப்பதுமாக இன்னொரு கயிற்றைக் கோபால்சாமியின் அக்குளில் மாட்டினான். மேலே பெல்ட் கிறீச்சிட்டது. கம்ப்ரசரிலிருந்து கருகல் வாடை வந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அமீனுல்லா அதனிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சகுந்தலாவும் அமீனுல்லாவும் கயிற்றை இழுக்க, லட்சுமணன் பின்னாலேயே ஏற, கோபால்சாமி மேலே வந்து சேரவும், கம்ப்ரசர் இறுகி அதன் பெல்ட் அறுந்து தெறிக்கவும் சரியாக இருந்தது.

புல்லில் கிடத்தினார்கள். இருமினான். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். சகுந்தலா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

புளி மூட்டைகளின் மேலேயே அவனைப் படுக்க வைத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார் அமீனுல்லா. ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "பொழைச்சுக்கிட்டாரு. பயப்பட வேணாம்" என்றார்.

சகுந்தலா வாசலுக்கு ஓடி வந்தாள். அமீனுல்லா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய், வாயில வந்ததையெல்லாம் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க. உங்க மொதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன். என்னாலதான் லேட்டாயிடுச்சுன்னு."

"மொதலாளிக்கு இன்னாம்மா, புளி நாளைக்குப் போனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"மத்தியானம் ஜமுனாமரத்தூர் தபாலாபீசுக்குப் போன் வந்துச்சு. எங்கப்பா தவறிட்டாராம். அஞ்சு மணிக்கு அடக்கம், மொகம் பார்க்கணும்னா அதுக்குள்ள வந்துடுன்னாங்க."