கேசட்டில் வந்த கடல்

காரிமங்கலத்துச் சந்தை இரைச்சல் உள்ளே வராதபடி லூர்தம்மாள் ஜன்னலைச் சாத்துகிறாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் பாயின்மேல் ஓடுகிறது. உல்லாசக் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கணவன் சவரி பேசி அனுப்பிய கேசட் இன்று காலைத் தபாலில்தான் வந்தது. கப்பல் புயலில் சிக்கியதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் மாதா கோயிலுக்கும் தபாலாபீசுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். முதலில் காற்று ஊளையிடுகிறது. எங்கோ தட்டுகள் சரிந்து உடைகின்றன. "லூர்து, பயந்துக்காத. கப்பல் தூளியாட்டம் ஆடுது. தட்டு வழுக்காம இருக்க மேசைத் துணியைத் தண்ணியில நனைச்சு விரிக்கறோம். வெள்ளைக்காரங்க வாந்தியெடுத்துப் படுத்துட்டாங்க. ஆனாலும் பொழுது சாஞ்சா பாட்டுக்காரன் தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் பாடத்தான் செய்யறான்." பாஞ்சாலி களுக்கென்று சிரிக்கிறாள். லூர்தம்மாளின் கை முந்தானையை முறுக்குகிறது. டேப்பில் ஒரு சொடுக்குச் சத்தம். அதன்பின் காற்றே இல்லை. தூரத்தில் ஏதோ பறவைகள் கத்துகின்றன. "கரைக்கு வந்துட்டோம் லூர்து. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான் நல்லாத்தான் இருக்கறேன்." கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நிற்கிறது, அவள் துடைக்கவில்லை. "நீ சோறு தின்னியா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவன்போல் சவரி பேச்சை நிறுத்துகிறான். நாடா மட்டும் சுற்றுகிறது. "இன்னும் இல்லீங்க," என்கிறாள் லூர்தம்மாள், டேப்பை நோக்கிக் குனிந்து. "இப்பத்தான் பசிக்குது."