ஆறு குட்டிகளின் தகப்பன்

“குட்டிக்கு இவ்வளவுன்னு ஆறு குட்டிக்கும் கட்டணம் வாங்குறீங்களே, அந்தப் பணத்தை என்னதான் பண்றீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல!”

என் வீட்டுக்காரர் கவுண்டரில் ஓங்கித் தட்டினார். என் மடியில் துணிக்கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆறு நாய்க்குட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

நான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன். இவருக்கு எங்கே போனாலும் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டே மயக்க மருந்து எந்தக் கம்பெனி என்று விசாரித்தவர்.

எனக்கோ சான்றிதழை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் போதும் என்றிருந்தது.

உயர்சாதி நாய்களைப் பதிவு செய்கிற சங்கத்தின் அலுவலகம் அது. குட்டிகளுக்குச் சான்றிதழ் வாங்க வந்திருந்தோம். அதில் ஒரு குட்டி தன் கம்பெனி மேனேஜருக்கு என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். சான்றிதழ் இல்லாத நாயை மேனேஜர் வீட்டு வாசலில்கூட ஏற்றமாட்டார்கள். அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்காக இவர் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறார்.

விண்ணப்பத்தில் ‘தகப்பன்’ என்ற இடத்தில், மூன்று கோப்பை வாங்கிய ஒரு சாம்பியன் நாயின் பெயர் இருந்தது. ஒரு திங்கட்கிழமை எங்கள் நாயை இவர் அதன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வந்தது உண்மைதான்.

புதன்கிழமை நடந்தது இவருக்குத் தெரியாது.

அன்றைக்குப் பின்கதவைச் சாத்தாமல் துணி உலர்த்தப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், தெருக்கோடிக் குப்பைத்தொட்டியே கதி என்று கிடக்கிற அந்தக் காது கிழிந்த பழுப்பு நாய், எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகிவிட்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். என்ன பிரயோஜனம்?

நாலு மாதமாக இதை மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். நல்ல வேளை, ஆறு குட்டிகளும் தாயை உரித்துவைத்தாற்போல் கறுப்பு.

கவுண்டரில் இருந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பதிவேட்டுக்கும் சான்றிதழ் அச்சடிக்கவும் ஒரு பங்கு சார். பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு. மீதி, எழுதிக் கொடுத்த தகப்பன் சரிதானான்னு பரிசோதனை பண்றதுக்கு.”

சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்து ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்தார்.

“கேட்டதும் நல்லதாப் போச்சு. உங்க பணத்துலயே உங்க குட்டிங்களுக்குச் செஞ்சு காட்டிடறேன். கன்னத்துக்குள்ள ஒரு தடவு, அவ்வளவுதான்.”

போச்சு, குடி முழுகிப்போச்சு! கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேஷாகச் செய்யுங்கள் என்று இவர் மார்தட்டப் போகிறார், நான் செத்தேன்.

இவர் மார்தட்டவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அதை மடித்தார். மறுபடி பிரித்துத் துடைத்தார்.

“எதுக்கும்மா அந்த வீண் செலவு?” என்றார். குரல் பாதியாகிவிட்டிருந்தது. “தெருவுல எத்தனை நாய்ங்க பட்டினியா அலையுது! வாயில்லா ஜீவன். அதுங்களுக்குக் கொடுக்கலாமே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெருநாய்களை அடிக்கவென்றே மாடியில் கல் பொறுக்கி வைத்திருக்கிறவர் இவர். அவற்றைப் பிடித்துப்போகச் சொல்லி நகராட்சிக்கு ஏழு மனு எழுதியவர்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவருக்கும் தெரிந்திருக்கிறது! மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்தும் கதவை ஏன் திறந்துபோட்டாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா வேறொரு படிவத்தை நீட்டினார். விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு, கட்டணம் முழுவதையும் தெருநாய்க் காப்பகத்துக்குக் கொடுக்கச் சம்மதம் என்று அதில் இருந்தது. மளிகைச் சீட்டையே மூன்று தடவை படிக்கிற மனுஷன், ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. ரத்தான குட்டிகளை மறுபடி பதிய முடியாதாம். சரி சரி என்று கூடையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

நான் ரசீதுக்காக நின்றேன். ரசீதை எழுதி முடித்த அந்த அம்மா, பஞ்சுக் குச்சியால் சாவகாசமாகக் காதைக் குடைய ஆரம்பித்தார்.

“அம்மா... அந்தப் பரிசோதனை?”

“அதுக்கு மெஷின் வாங்கணுமே. இன்னும் வாங்கல” என்றார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. “குச்சியை எடுத்தாலே போதும், பாதிப் பேரு தர்மவான் ஆயிடறாங்க. காலையிலேருந்து சார் மூணாவது ஆளு.”

அடப்பாவமே! காது குடைகிற குச்சிக்குப் பயந்து சூப்பர்வைசர் நாற்காலியைக் கோட்டை விட்டிருக்கிறோம். ஆத்திரம் பொங்கியது. ஆனால் இவரிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது?

வெளியே இவர் கூடையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. அன்னிக்குத் திங்கக்கிழமை அந்தச் சாம்பியன் நம்ம நாயை ஏறெடுத்தும் பாக்கல. கொட்டாவி விட்டுட்டுப் படுத்துடுச்சு. வெளியே தெரிஞ்சா அவமானம்னு அதோட சொந்தக்காரரே, ரெண்டும் சேந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பிட்டாரு.”

கூடைத் துணியை விலக்கிக் குட்டிகளைப் பார்த்தார்.

“சத்தியமாச் சொல்றேன், இதுங்க யார் குட்டின்னே எனக்குத் தெரியாது.”

எனக்கு வந்ததே கோபம்! கட்டின பெண்டாட்டியிடம் இப்படி ஒரு விஷயத்தை நாலு மாதம் மறைக்கலாமா என்று, பஸ் நிறுத்தம் வரைக்கும் விடாமல் திட்டிக்கொண்டே நடந்தேன்.