வெள்ளிப் பட்டை

வராந்தாவில் கைத்தடிச் சத்தம் கேட்டது. டக், டக்.

ஓவியர் ஹெட்விக் வண்ணச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். "மேலாளர் வர்றாரு. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோங்க."

"அவரைப் பார்த்துமா?" என்றார் கொர்னேலியஸ்.

ஹோல்ஸ்வால்ட் கோமகனுக்குப் புத்தகம் படித்துக் காட்டுபவர் அவர். சின்ன வயதில் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட கறுப்பர். விடுதலைப் பத்திரம் கைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்று அவர் படம் முடிகிறது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறார்கள்.

மேலாளர் டிரோஸ்ட் படத்தைப் பார்த்ததும், கழுத்தில் வெள்ளிப் பட்டை எங்கே என்று கேட்டார். அடிமைகளுக்குப் பூட்டும் பட்டை. கறுப்பர் படம் என்றால் அது இருக்க வேண்டுமாம். கோமகளின் உத்தரவு.

கொர்னேலியஸ் எழுந்துவிட்டார். "பதினெட்டு வயசுல கழட்டினதுங்க அது. என் பொண்ணுக்கு இப்ப மூணு வயசு. நாளைக்கு அப்பான்னு அவ பார்க்கப்போறது இந்தப் படத்தைத்தான். நாய்க்குப் போடற பட்டையோடவா?"

"உத்தரவு உத்தரவுதான். நீ வரைம்மா."

கல் நெஞ்சுக்காரர் என்று முணுமுணுத்தபடியே ஹெட்விக் வரைந்தாள். சாம்பல் நிறம், மேலே ஒரு வெள்ளை மினுக்கு. கொர்னேலியஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோமகள் வந்தாள். பட்டையைப் பார்த்து, அழகு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிரோஸ்ட் படத்தருகே குனிந்தார். அவருடைய லேஸ் வைத்த சட்டைக் கை கழுத்தின் குறுக்கே இழுபட்டது. வெறும் சுண்ணப் பொடிதானே, பட்டை முழுவதும் கலைந்து போயிற்று.

"அடடா," என்றார். "கண்ணாடிக்காரன் கீழே காத்திருக்கான். கழுத்துல ஒரு வெள்ளைத் துணி வரைஞ்சு முடிச்சுடு. யாராவது கேட்டா என் கை பட்டதுன்னு சொல்லு."

அவர் போனதும் கொர்னேலியஸ் மெல்லக் கேட்டார். "கண்ணு தெரியலையா மனுஷனுக்கு?"

"இருபது வருஷமா இந்த அறைக்கு வர்றாரு," என்றாள் ஹெட்விக். "பொடி கலையக்கூடாதுன்னு சட்டைக் கையை மடிச்சு ஊசி குத்திக்கிட்டுத்தான் உள்ள வருவாரு. இன்னிக்கும் அப்படித்தான் வந்தாரு. நீங்க ஜன்னலைப் பார்த்துட்டு நின்னப்ப, ஊசியைக் கழட்டினாரு."

கத்தியை எடுத்து, வெள்ளைக் கட்டியைக் கூராகச் சீவத் தொடங்கினாள்.