கறள் நங்கூரம் ஆர்?

"பேரை மட்டும் சொல்லுங்கோ அண்ணை. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

உட்துறைமுக வீதியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் சிவகுருநாதனுக்கு அன்றைய காலமை இப்படித்தான் விடிந்தது. முன்னால் நின்றவள் கௌசிகா. நங்கூரம் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் கீப்பர் துவாரகனின் மனைவி.

"ஏலாது பிள்ளை," என்றார்.

கடை அவருக்குச் சோறு போடுகிறது, உண்மைதான். ஆனால் அவர் உயிரை விட்டு நடத்துவது கழக ரசிகர்களுக்கான இணையத்தளத்தை. ஆரும் எந்தப் புனைபெயரிலும் அதில் எழுதலாம். சேருவதற்கு ஒரேயொரு நிபந்தனை. கடையில் கிடக்கும் பழைய பட்டன் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கவேண்டும். அந்த நம்பரையும் புனைபெயரையும் ஒரு கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். கம்பியூட்டர் என்றால் எவனும் உள்ளே பூந்துவிடுவானாம், கொப்பிக்குள் பூர ஏலாதாம். எந்த நம்பர் ஆருடையது என்று ஆறு வருசத்தில் அவரே தேடிப் பார்த்ததில்லை. அதில் மனுசனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்போது வந்திருக்கிற கரைச்சல், 'கறள் நங்கூரம்' என்ற பேரில் எழுதுகிற ஆளால். கழகத்தின் நங்கூரம் துருப்பிடித்துவிட்டது என்று குத்துகிற பேர்.

போன கிழமை குச்சவெளி அணியோடு இறுதிப்போட்டி. கடைசி நிமிசத்தில் நங்கூரத்தின் பின்வரிசையில் நின்ற ஸுஹைர் தன் கீப்பர் துவாரகனுக்குப் பந்தைத் திருப்பித் தட்டினான். தட்டின வேகம் காணாது. நடுவில் பூந்த குச்சவெளிக்காரன் கோல் அடித்துவிட்டான். கிண்ணம் போச்சு.

அன்று பின்னேரமே தளத்தில் 'உப்புக்காத்து' என்று ஒரு ஆள் எழுதியது: "மூதூரானை நம்பிப் பந்தைக் குடுத்தா இதுதான் நடக்கும்."

ஸுஹைருக்கு ஊர் மூதூர். அரை மணித்தியாலத்தில் நாற்பது பேர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். பந்துக் கதை போய் ஊர்க் கதையும் சமயக் கதையும் வரத் தொடங்கிவிட்டது. சிவகுருநாதன் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். ஒன்றை அழித்தால் மூன்று வந்தது.

அப்போதுதான் கறள் நங்கூரம் உள்ளே வந்தது. "ஸுஹைரை விடுங்கோ. பந்து வரேக்க கீப்பர் எங்க வாய் பாத்துக்கொண்டு நிண்டவர்? அந்த வண்டி வயித்தைத் தூக்கிக்கொண்டு அவரால பாயேலுமோ?"

சனத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஸுஹைரை மறந்தே போனார்கள். பிறகு நாளுக்கு ஒன்று எழுதியது கறள் நங்கூரம். துவாரகன் மீன் சந்தைக்குப் போனால், ஆட்கள் தங்கள் வண்டியைத் தடவிக் காட்டிச் சிரித்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டம். அவரை வெளியில விடப்போகினமாம்," என்றாள் கௌசிகா. "பதின்மூண்டு வருசம் விளையாடின மனுசன். ஒளிச்சு நிண்டு கல்லெறியிறவனை நீங்கள் காப்பாத்துறியள் அண்ணை."

சிவகுருநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் லாச்சிச் சாவியை எடுக்கவில்லை.

அவள் கைப்பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கறள் நங்கூரம் ஸுஹைர்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். தன் பிழையை மறைக்கக் கீப்பரின் தலையில் போடுகிறானாம். அவனைக் கழகத்தை விட்டு நீக்கவேண்டும் என்று தலைவருக்கு எழுதியிருந்தாள்.

இப்போது சிவகுருநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் எழுதவில்லை என்றால்? ஏற்கெனவே நொந்துபோய் இருக்கிறவன், இதையும் கேட்டால் மூதூர் பஸ்ஸில் ஏறிப்போய்த் திரும்பியே வரமாட்டான்.

பார்க்கிறது வேற, சொல்லுறது வேற என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு லாச்சியைத் திறந்தார். அவளுக்கு முதுகைக் காட்டியபடி, கறள் நங்கூரத்தின் நம்பரைத் தன் சொந்தப் போனில் அடித்தார். கடைக்கு வந்து போகிற அத்தனை பேரின் பேரும் அதில் பதிந்திருக்கிறது. பேர் வந்தது. கண்ணாடியைக் கழட்டித் துடைத்துவிட்டு இன்னொருக்கால் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, உப்புக்காத்தின் நம்பரையும் அடித்தார். அந்தப் பேரும் வந்தது.

"ஸுஹைர் இல்லை பிள்ளை."

"அப்ப ஆர்?"

"அது சொல்ல ஏலாது."

"நீங்கள் சொல்லாட்டி இந்தக் கடிதம் இண்டைக்கே போகும்." கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் விறுவிறென்று படியிறங்கினாள்.

"நில்லுங்கோ," என்றார் சிவகுருநாதன். "பேர் சொல்லுறதெண்டால் எல்லாற்ற பேரையும் சொல்லவேணும். உப்புக்காத்தில இருந்து தொடங்கட்டோ?"

கௌசிகாவின் கால் படியிலேயே நின்றுவிட்டது. முகம் செத்துப்போயிற்று. வந்தபோது இருந்த வீறாப்பு போன இடம் தெரியவில்லை.

"அண்டைக்குக் கோபத்தில எழுதினனான் அண்ணை. ஒரேயொரு வரி. எல்லாரும் இவரைத்தான் குறை சொல்லப்போகினம் எண்டு பயந்து..."

கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சால் என்னோட கதைக்கமாட்டார். சொல்லிப்போடாதேங்கோ, என்ன?"

"கொப்பியில இருக்கிறதை நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை பிள்ளை."

சொன்னபடியே நடந்தார். ஸுஹைரின் மேல் விழுந்த பழியை மாற்றவேண்டும் என்று கீப்பரை நாளாந்தம் ஏசி எழுதியது அந்தக் கீப்பரேதான் என்பதை அவர் அவளுக்கும் சொல்லவில்லை.