இரண்டு மொழி, நடுவில் அத்தை

“அத்தை, உங்க மகன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மெமரியில இடம் கிடைக்கலேன்னா அவர் எழுதின புரோகிராம்ல இருந்து எனக்கு என்ன வரும்? சைபரா, மைனஸ் நம்பரா?”

அன்னாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சைபரா, மைனஸா. அம்புட்டுத்தானே? இந்தா வாரேன்.”

வினோலியாவுக்கும் பிரான்சிஸுக்கும் ஐந்து நாளாகப் பேச்சு இல்லை. ஒரே வீடு, ஒரே கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, அடுத்தடுத்த அறை. ஆபீஸ் சாட்டில் எல்லார் முன்னிலையிலும் அவள் எழுதிய புரோகிராமை ‘வெட்டிப் பயம்’ என்றான் அவன். அவள் பதில் எழுத, அவன் அதற்குப் பதில் எழுத, கடைசியில் மேனேஜரே நுழைந்து, “உங்கள் சண்டையை வடமதுரை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதும்படி ஆயிற்று. அன்றிலிருந்து சாட்டும் கிடையாது. எல்லாம் அத்தை வழியாகத்தான்.

நூல் மில் இயந்திரங்களுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரை இயக்கும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளை எழுதுவது அவர்கள் வேலை. பழைய பாதி சி மொழியில், அது பிரான்சிஸ். புதிய பாதி ரஸ்ட் மொழியில், அது வினோலியா. அவனுடைய மொழி, தப்பு நேர்ந்தால் ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும்; பார்ப்பதும் பார்க்காததும் வாங்குகிறவர் பாடு. அவளுடைய மொழியோ, நடந்த தப்புக்கு ஒரு பதில் சொல்லாமல் அடுத்த அடி வைக்க விடாது. கல்யாணத்துக்கு முன்பே இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அன்னாள் வாசலில் நின்று திரும்பினாள். “ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். மாறிப்போனா என்ன ஆகும்?”

“அவர் எனக்கு ஒரு அட்ரஸ் தரணும் அத்தை. இடம் இல்லேன்னா அதுக்குப் பதிலா ஒரு நம்பர் தருவார். அவர் மைனஸ் தந்து, நான் சைபரா இருக்கான்னு பார்த்தேன்னு வைங்க. மைனஸையே அட்ரஸ்னு நம்பி, இல்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவேன். மொத்த மிஷினும் அப்படியே நின்னுரும்.”

“ஆத்தாடி! ஒரு தட்டுக்கேவா?”

“ஒரே தட்டு. நாலு மணி டெமோ போச்சுன்னா வீட்டிலிருந்து வேலை பாக்குறதும் போச்சு. திங்கக்கிழமை பெங்களூருல நிக்கணும்.”

அன்னாள் பூனைபோல் நடந்து அடுத்த அறைக்குள் போனாள்.

வினோலியா காத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வரமாட்டேன் என்று அழுதவள் அவள். இப்போது போகவேண்டி வருமோ என்றுதான் பயந்தாள். பெங்களூர் வீட்டில் அவனும் அவளும் மட்டும்தான். நடுவில் ஆள் இல்லாத வீட்டில் இந்த மௌனத்தை எங்கே கொண்டு வைப்பது?

அத்தை திரும்பி வந்தாள். “சைபர்தானாம்மா.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“கேட்டேம்மா. ‘இதுகூடத் தெரியாமத்தான் வேலை பாக்குறாளாக்கும்’னு ஒரு சிரிப்பு வேற சிரிச்சான். அவன் கெடக்கான், நீ மனசுல வச்சுக்காத.”

வினோலியாவுக்குக் காது சுட்டது. ஒரு நிமிடம் எழுந்து போய் நேரிலேயே கேட்கலாமா என்றுகூட நினைத்திருந்தாள். இனி அந்தப் பேச்சே இல்லை. சைபருக்குச் சோதனை எழுதிவிட்டு வேகமாக என்டரைத் தட்டினாள்.

நாலு மணிக்கு இருவரும் கூடத்தில் ஒரே லேப்டாப்பின் முன்னால், நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. “இப்போது மெமரியை நிரப்புங்கள். இடம் இல்லாதபோது என்ன செய்கிறது என்று பார்ப்போம்” என்றார் திரையில் மேனேஜர்.

பிரான்சிஸ் நிரப்பினான். மேஜைமேல் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு நின்றது. எதைத் தட்டினாலும் அசைவில்லை.

“திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நேரில் பேசலாம்” என்று சொல்லி மேனேஜர் மறைந்தார்.

“மைனஸ் பன்னெண்டுன்னு தெளிவாச் சொல்லி விட்டேனேடி!” ஐந்து நாளில் பிரான்சிஸ் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம்.

“சைபர்னுதானே வந்துச்சு! எனக்கு வேலை தெரியலேன்னு சிரிச்சீங்களாமே?”

“நானா? எப்போ?”

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

அன்னாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எனக்கு என்னய்யா தெரியும் மைனஸும் சைபரும்? வாய் தவறிருச்சு. பாவி நான், புள்ளைகளைக் கெளப்பி விட்டுட்டேனே... இனி இந்த வீடு வெறிச்சுன்னுல்ல கெடக்கும்!”

வினோலியாவுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டவள், கேள்வியை யார் கையில் கொடுத்தோம் என்று பார்க்கவில்லையே! பிரான்சிஸும் சிரித்தான். “அழாதீங்க அத்தை” என்று அவளும், “விடும்மா” என்று அவனும் மாறி மாறித் தேற்றினார்கள். பிறகு இருவரும் பெட்டி கட்டச் சேர்ந்தே போனார்கள். பேச்சு நிற்கவே இல்லை.

அடுப்படியில் சகாயராஜ் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். “ஏ அன்னா, பைபிள்ல சங்கீதம் முழுசையும் மனப்பாடமா ஒப்பிக்கிறவளுக்கு ஒரு மைனஸா மறந்துபோச்சு? வேணும்னுதானே மாத்திச் சொன்னே?”

“மெள்ளப் பேசுங்க.”

“ரெண்டையும் பேச வைக்கத்தானே? கெட்டிக்காரிடி நீ!”

“அதுக நாளைக்கு அதுகளாவே பேசிருக்கும்” என்றாள் அன்னாள். “மீட்டிங் மீட்டிங், சத்தம் கூடாதுன்னு ரெண்டு வருசமா, ஒரு தும்மல் போடக்கூட மொட்டமாடிக்குல்ல ஓடுறீக. திங்கக்கெழம காலைல நடுக்கூடத்துல நின்னு ஆசைதீரத் தும்முங்க!”