இரவல் விரல்

போர்வைக்குள் என் வலது கையை வஹீபின் போர்வைக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். நர்ஸ் இன்ஸாஃப் இரண்டு கட்டில் தள்ளி வந்துவிட்டாள்.

"மெல்ல வாடா. டிராம் ஓட்டுற மாதிரி வராத," என்றான் வஹீப். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

எங்கள் கட்டில்கள் ஒட்டிக் கிடப்பவை. அலெக்சாந்திரியாவிலேயே மிகக் கிழட்டு மின்விசிறி எங்கள் வார்டில்தான் இருக்கிறது. அதன் ஒரு சுற்றுக்குள் ஒருவன் தாடி வளர்த்துவிடலாம். அந்தக் காற்றுக்காக இருவரும் நெருங்கிப் படுத்திருந்தோம். நீண்ட நாள் நோயாளிகள் வார்டு. வந்தவன் வீட்டுச் சாவியை மறந்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வருவதில்லை. அன்றைக்கு விரலில் மாட்டுகிற கிளிப்தான் டாக்டர். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது எண் காட்டும். தொண்ணூறுக்குக் கீழே போனால், உடனே ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, எமர்ஜென்சி.

அப்படிப் போனவர்களைச் சேர்த்தால் ஒரு ராணுவம் அமைக்கலாம். திரும்பியவர்களைச் சேர்த்தால் சீட்டாட ஒரு கை தேறாது.

அங்கே முதலில் வயதைக் கேட்பார்கள். கேட்டதும் பக்கத்து ஸ்ட்ரெச்சருக்குப் போய்விடுவார்கள். நடைபாதையில் கிடந்து முறை வருவதற்குள் நம் முறை வேறெங்கோ வந்துவிடும். இங்கே நம் கட்டிலில் சாயங்காலமே புதிய ஆள் குறட்டை விடுவான்.

வஹீபுக்குக் காய்ச்சல். மூச்சில் விசில் வேறு. மதியம் அவன் மகள் திமியானா தந்தா ஊரிலிருந்து ரயிலில் வருகிறாள், திராட்சை இலையில் சோறு சுருட்டிக்கொண்டு. அவளைப் பார்க்காமல் போகமாட்டேன் என்பது அவன் பிடிவாதம்.

"உன் விரலைக் குடு. நீதான் எருமை மாதிரி இருக்கியே," என்று காலையில் கேட்டான்.

கேட்டது தப்பில்லை. நாற்பது வருடம் டிராம் ஓட்டியவன் நான். என் விசில் சத்தத்தில் கடலில் மீன்கள் தள்ளி நிற்கும். ஒரே ஊதலில் கலங்கரை விளக்கத்தை அணைத்து, கப்பல்காரர்கள் கெஞ்சியபிறகு மறுபடி ஏற்றிவைத்தவன். இதையெல்லாம் வார்டில் தினமும் சொல்லுவேன். சொல்லச் சொல்ல கப்பல்கள் கூடும்.

இன்ஸாஃப் வந்தாள். எல்லாக் கட்டிலுக்கும் அவள் ஒருத்திதான். வஹீபின் போர்வை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த என் விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு, எதிர்க்கட்டில் ஸக்கி மாத்திரையைத் தலையணைக்குள் ஒளிக்கிறானா என்று பார்க்கத் திரும்பினாள். சுருங்கிய கை, கறுப்புப் புள்ளிகள். கிழவர்களின் கைகளை அவற்றைப் பெற்றவளே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிளிப் கத்தியது.

எண்பத்தொன்று.

அவள் அதைக் கழற்றி, உதறி, அதே விரலில் மறுபடி மாட்டினாள். எண்பது.

வஹீப் கடிகாரம் ரிப்பேர் செய்தவன். பின்மூடியைத் திறந்தவன்போல என்னைப் பார்த்தான்.

இன்ஸாஃப் செல்போனை எடுத்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அம்மா இன்ஸாஃப், அது என் விரல்மா."

"ஆமா ஹாஜி," என்றாள், போனைக் காதில் வைத்தபடி. நான் மக்காவுக்குப் போனதில்லை. இந்த வயதில் எல்லோரும் ஹாஜிதான். "மன்னரோட கழுதைக்கு டிராம் ஓட்டக் கத்துக்குடுத்ததும் அதே விரல்தானே?"

வார்டே சிரித்தது. அந்தக் கதையைப் போன வாரம் நான்தான் சொன்னேன். நல்ல கதை.

"அல்லா மேல ஆணையா."

"கலங்கரை விளக்கத்துக்கும் இதே ஆணைதான் வச்சீங்க."

"அவன் விரல்தாம்மா," என்றான் வஹீப், தன் கையை வெளியே நீட்டி. "இந்தா, என்னுது."

அவள் அவன் விரலில் மாட்டினாள். காய்ச்சல் குளிரில் அது ஐஸ்கட்டி. கிளிப்பில் எண் வரவில்லை, வெறும் கோடுதான். அவள் முகம் மாறிவிட்டது. அதற்குப்பின் அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. எங்கள் வார்டில் போகிறவனிடம் போய்வா என்று யாரும் சொல்வதில்லை. வரும்போது ஏதாவது வாங்கிவரச் சொல்வோம். ஸக்கி சிகரெட் கேட்டான். மூலைக்கட்டில்காரன் வறுத்த பூசணி விதை கேட்டான்.

நான் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் உருண்டுவிட்டன.

"திமியானா வந்தா சாப்பாட்ட வாங்கி வச்சுக்க," என்றான் வஹீப். "வெயில்ல கெட்டுப்போகும்."

லிஃப்ட் கதவு மூடியது.

இன்ஸாஃப் திரும்பி வந்தாள். நான் என் விரலை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"ஒங்களுக்கு எதுக்கு ஹாஜி? எங்க எல்லாரையும் பொதச்சிட்டுத்தான் நீங்க போவீங்க." என் கட்டில் அட்டையில் நேற்றைய தொண்ணூற்றேழையே இன்றைக்கும் எழுதிவிட்டு, தள்ளுவண்டியோடு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வஹீபின் கட்டிலை யாரும் பார்க்கவில்லை.

"ஹாஜி, ஏதாவது சொல்லுங்களேன்," என்றான் ஸக்கி.

சரி, ஒரு புதுக் கதை. பிரேக் இல்லாத டிராமை நான் மூச்சைப் பிடித்தே நிறுத்திய கதை. ஆரம்பித்தேன். டிராம் மேட்டில் ஏறியது, இறக்கம் வந்தது, நான் வாயைத் திறந்தேன்.

காற்று வரவில்லை. மறுபடி திறந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் நடித்ததில்லையாம். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.